மூன்றாவது நொடி

1

இது கதையாகப் பிறக்கவில்லை, விளக்கக் கடிதமாகத்தான் பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

புதன்கிழமை காலை, எங்கள் ஊர் அழகிப் போட்டிக் குழுவின் தலைவி திருமதி வில்லாசிஸ் நகராட்சி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். முந்தின நாள் முதியோர் இல்லத்தில் எடுத்த ஒரு காணொளி ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் எண்பத்தோரு வயதுப் பெரியவர் ஒருவர், இந்த ஆண்டின் மிஸ் சான் ருஃபோ கிரிசெல் அபுண்டோவின் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்கிறார். மானோ என்பது இளையவர் பெரியவருக்குச் செய்வது. பெரியவர் கையை வாங்குவோம், நெற்றியில் வைப்போம், ஆசி கிடைக்கும். தலைகீழாக நடந்தால் அதற்கு எங்கள் மொழியில் பெயர்கூடக் கிடையாது. நடக்காத காரியத்துக்குப் பெயர் எதற்கு?

கிரிசெல் கையை இழுக்கவில்லை. காணொளியில் மூன்று நொடி. அதுதான் குற்றம்.

தலைவி கேட்டது ஒரு பக்கக் கடிதம். கிரிசெலின் பெயரில், வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள். ஏன் இழுக்கவில்லை என்பதற்கு ஒரே ஒரு காரணம். குழு ஏற்றுக்கொண்டால் கிரீடம் அவளிடமே இருக்கும், நவம்பரில் லுசேனாவில் நடக்கும் மாகாணப் போட்டிக்கும் அவள்தான் போவாள். ஏற்காவிட்டால் கிரீடம் இரண்டாம் இடம் வந்தவளுக்கு. மூன்று ஆண்டு போட்டியில் நின்று, மூன்றாம் ஆண்டில் கிரிசெல் வாங்கிய கிரீடம் அது.

நான் படித்த சின்ன ஊர்ப் பள்ளியில் கடிதத்துக்கு ஓர் ஒழுங்கு சொல்லித்தந்தார்கள். தேதி, பெறுநர், பொருள், காரணம், கையொப்பம். காரணம் ஒரு வாக்கியத்தில் அடங்க வேண்டும், அடங்காவிட்டால் கடிதத்தை அனுப்பக் கூடாது. இருபத்தாறு ஆண்டுகளாக இந்த ஒழுங்கில்தான் எழுதிவருகிறேன். திருவிழாவுக்கு நாற்காலி கேட்டு, சேவல் சண்டைக் களத்துக்கு அனுமதி தந்து, மழையால் தள்ளிப்போன ஊர்வலத்துக்கு வருந்தி. ஒன்றிலும் காரணம் மறு வரிக்குத் தாண்டியதில்லை.

இந்தக் கடிதம் இப்படித் தொடங்கியது:

பெருமதிப்பிற்குரிய குழுவினருக்கு, கடந்த செவ்வாயன்று நிகழ்ந்த சம்பவத்துக்கு நான் மனமார

(நிறுத்திவிட்டேன். 'சம்பவம்' என்று எழுதியதும் யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது.)

பெரியவர் எலியுதேரியோ அவர்கள் வயது மூப்பின் காரணமாக

(இதுவும் வேண்டாம். ஏன் என்பது பின்னால் வரும்.)

நான் ஒரு பெயிண்டுக் கடையில் வேலை பார்க்கும் பெண். என் கைகள்

(இது உண்மை. ஆனால் கடிதத்தில் இதற்கு இடமில்லை. கதையில் இருக்கிறது. ஆகவே கதை.)

2

கிரிசெலுக்கு இருபது வயது. பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள பெயிண்டுக் கடையில், சுவரைச் சொன்னால் எத்தனை டப்பா ஆகும் என்று மனக்கணக்காகச் சொல்லுவாள். கிரீடம் வாங்கிய பிறகும் வேலையை விடவில்லை. சனிக்கிழமை வாடிக்கையாளர்கள் வெள்ளைப் பெயிண்டு கேட்டு வந்து அவளோடு படம் எடுத்துக்கொண்டு போனார்கள். சிலர் பெயிண்டை மறந்தே போனார்கள்.

மேடையில் நிற்பவள் ஒவ்வொருத்தியும் ஒரு நல்ல காரியத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டும். கிரிசெல் முதியோரை எடுத்தது தானாக நடந்ததல்ல. அவளைத் தயார்செய்தவர் மம்மி டெஸ். மேரி மாதா படத்துக்கும் ஹேர் டிரையருக்கும் நடுவில் அழகு நிலையம் நடத்துகிறவர். பிறந்தபோது தெசிதேரியோ, இப்போது ஊருக்கே மம்மி. அவர்தான் பட்டியல் போட்டார்.

"கடல ஏற்கெனவே ஒருத்தி எடுத்துக்கிட்டா. மரம் போன வருஷமே போயிருச்சு. கொழந்தைங்கன்னா எப்பவும் அடிதடி. கெழடுங்கதான் காலியா இருக்கு தங்கம், எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்ட பிறகு அது அவளுடையதாகவும் ஆகிவிட்டது என்றே நினைக்கிறேன். (நினைக்கிறேன் என்று எழுதுகிறேன். இந்தக் கதையில் எனக்கு உறுதியாகத் தெரிந்தவை மிகக் குறைவு.) ஏப்ரலிலிருந்து முப்பத்தோரு நிகழ்ச்சி. ரத்ததான முகாமில் முதல் ஆளாகக் கை நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளோடு சேர்ந்து பல் தேய்த்தாள். சதுப்புநிலத்தில் குதிகால் செருப்போடு கன்று நட்டாள், ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. கஞ்சி ஊற்றும் வரிசையில் நின்று, கரண்டி பிடித்த கையால் தோள்பட்டையைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். தோளுக்குக் குறுக்கே போட்ட நாடாவில் உள்ள ஊர்ப் பெயர் கேமராவுக்குத் தெரிய வேண்டுமே.

எல்லா இடத்துக்கும் அவள் பின்னால் ஒரு பெண் பை தூக்கிக்கொண்டு போவாள். நகராட்சி ஊழியர். பையில் கொண்டை ஊசி, குடை, டிஷ்யூத் தாள், தலைவலி மாத்திரை. அவளைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவு போதும்.

3

செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி.

இல்லத்தின் கூடத்தில் முப்பத்திரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பை. அரிசி, மத்தி மீன் டப்பா, காப்பிப் பொட்டலம். முதலில் மானோ, பிறகு பை, பிறகு படம்.

கிரீடம் போட்டுக்கொண்டு மானோ செய்வது லேசான காரியமல்ல. கிரீடத்தின் முன்கூர் நெற்றிக்கு மேலே கொக்கு மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அப்படியே குனிந்தால் பெரியவர் கையைக் குத்தும். அதற்காகவே மம்மி டெஸ் ஒரு வழி பழக்கியிருந்தார். தாடையை மேலே தூக்கு, பெரியவர் கையைக் கீழிருந்து கொண்டுவா, புருவத்துக்குப் பக்கத்தில் தொட்டுவிட்டு இறக்கு. அழகு நிலையத்தில் ஷாம்பு புட்டியை வைத்துப் பழகியிருந்தாள்.

முதல் மூன்று பேருக்குச் சரியாக வந்தது. நான்காவது ஒரு பாட்டியம்மா, காகிதம் போன்ற தோல். அவர் ஆசையாகக் கையைத் தானே முன்னால் தள்ளிவிட்டார். கூர் கீறிவிட்டது. ஒரு பொட்டு ரத்தம். பாட்டியம்மா அதைப் பார்க்கவே இல்லை, கிரீடத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கிரிசெல் பார்த்தாள். தன் உள்ளங்கையால் அதைத் துடைத்தாள். டிஷ்யூத் தாள் வைத்திருந்த பெண் அப்போது கூடத்தின் மறுகோடியில் அரிசிப் பைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கேமரா நகர்ந்தது. கிரிசெல் ஐந்தாவது நாற்காலிக்கு நகர்ந்தாள். கையை நீட்டினாள்.

ஐந்தாவது நாற்காலியில் எலியுதேரியோ.

மீதியை ஊரே பார்த்தது. அவர் அவள் கையைப் பிடித்தார், குனிந்தார், நெற்றியில் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு அவராகவே விட்டார். கிரிசெல் முகத்தில் சிரிப்பு இருந்தது. போட்டிச் சிரிப்பா, வேறு சிரிப்பா என்று நாற்பதாயிரம் பேர் வாதம் செய்தார்கள்.

காணொளியின் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "இவளுக்குப் பிடிச்சிருக்கு, மூஞ்சியப் பாரு." இந்தக் கதையில் வரும் வாக்கியங்களில் நான் எழுதாதது, ஆனால் என்னால் அடிக்கவும் முடியாதது, இது ஒன்றுதான்.

4

புதன்கிழமை மாலை அழகு நிலையத்தில் கூடினார்கள். கிரிசெல், மம்மி டெஸ், பை தூக்கும் பெண். இலையில் வைத்த நூடுல்ஸ் வந்தது. எங்கள் பக்கம் அதைக் கரண்டியில்லாமல், இலையோடு தூக்கி வாயால் உறிஞ்சுவோம். கிரிசெல் தொடவில்லை. மம்மி டெஸ் அவளுடையதையும் சேர்த்து உறிஞ்சினார். கவலை வந்தால் தனக்குப் பசிக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

அவர் கையில் ஒரு தீர்வு இருந்தது. பெரியவருக்குப் புத்தி தடுமாற்றம் என்று எழுதிவிடுவது. உன்னை ஏதோ கன்னியாஸ்திரீ என்று அவர் நினைத்துவிட்டார், நீ அவர் மனம் நோகக் கூடாதென்று கையை விட்டுவைத்தாய். ஒரு வாக்கியம். ஊரே அழும்.

(என் பள்ளிக்கூட ஒழுங்குப்படி பார்த்தால் இதைவிட நல்ல காரணம் கிடையாது.)

"அவரு நல்லாத்தான் இருக்காரு," என்றாள் கிரிசெல். "பைய வாங்கிட்டு, மத்தி டப்பா நசுங்கியிருக்கு, மாத்திக் குடுன்னாரு."

"மாத்திக் குடுத்தியா?"

"குடுத்தேன்."

"அதுக்கு ஒரு வீடியோ இல்ல பாரு," என்றார் மம்மி டெஸ்.

பிறகு குரலைத் தணித்து, நிஜமாகவே கேட்டார். ஏன் இழுக்கவில்லை? மேடையில் மூன்று எண்ணும்வரை அசையாமல் நிற்கக் கற்றுத்தந்தவர் அவர்தான். அந்தப் பழக்கமா? அப்படியென்றால் தன் தலையில் போட்டுக்கொள்ளவும் அவர் தயாராக இருந்தார். அதைச் சொன்னபோது கண் மை கரைந்திருந்தது.

"மேடையில நான் எண்ணுறதே இல்ல மம்மி. உங்களுக்குத் தெரியாது. சும்மா நிப்பேன்."

"அப்ப வேற யாரு சொல்லிக்குடுத்தா, கைய எடுக்காதேன்னு?"

கிரிசெல் பை தூக்கும் பெண்ணைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு, யாரும் இல்லை, பயந்துவிட்டேன் என்றாள். பை தூக்கும் பெண் அப்போது பையின் ஜிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஜிப்பில் ஒரு கோளாறும் இல்லை.

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம்: பை தூக்கும் பெண் தேவையா?

பெயரில்லை, பேச்சில்லை. டிஷ்யூத் தாள் வேண்டிய நேரத்தில் பக்கத்தில்கூட இல்லை. எடுத்துவிட்டால் கதை இளைக்கும், ஓடும். எடுத்தும் பார்த்தேன். இரண்டாம் பகுதியில் ஒரு பத்தி போயிற்று. நான்காம் பகுதியில் கிரிசெல் பார்ப்பதற்கு ஆளில்லாமல் சுவரைப் பார்த்தாள். சுவர் ஜிப்பைச் சரிசெய்யாது. கதை நொண்டியது.

அந்தப் பெண் இல்லையென்றால் கிரிசெல் யாரைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொன்னாள்?

ஆகவே அவளை மறுபடி உள்ளே வைத்திருக்கிறேன். அவள் பெயர் நெனிதா. அவள்தான் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

(மேலே போய் எல்லா 'அவள்'களையும் 'நான்' என்று மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றவில்லை. புதன்கிழமை மாலை நான் 'அவள்' ஆகத்தான் உட்கார்ந்திருந்தேன்.)

மே மாதத்தில் ஒரு திறப்பு விழா. முக்கியமான ஒருவர் கிரிசெலின் கையைக் குலுக்கினார், அவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள், படம் கலங்கிவிட்டது. தலைவி என்னைக் கூப்பிட்டுக் கண்டித்தார். நான் ஒழுங்கானவள். அன்றே ஒரு விதித்தாள் தட்டச்சு செய்தேன். பன்னிரண்டு விதி. கிரிசெலிடம் கையெழுத்து வாங்கினேன். ஏழாவது விதி இது:

படம் எடுத்து முடியும்வரை கையை இழுக்காதே. யார் பிடித்தாலும்.

'யார் பிடித்தாலும்' என்பதை நானாகச் சேர்த்தேன். விதி என்றால் ஓட்டை இருக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

இப்போது தெரிகிறதல்லவா? காரணம் கிடைத்துவிட்டது. ஒரே வாக்கியத்தில் அடங்குகிறது. அதை எழுதினால் கிரிசெலின் கிரீடம் தப்பும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் என் வேலை தப்பாது. புதன்கிழமை வீட்டுக்கு வந்து, தேதி போட்டு, பெறுநர் போட்டு, பொருள் போட்டு, காரணத்துக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அதை மறைக்கவில்லை. உங்களிடம் மட்டும்.

6

வியாழக்கிழமை, தனக்கே புரியவில்லை என்று சொல்லி, கிரிசெல் மறுபடி இல்லத்துக்குப் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கிரீடம் இல்லை, நாடா இல்லை, கடையின் சட்டை. முழங்கையில் பச்சைப் பெயிண்டு.

எலியுதேரியோ முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். யாரோ தானமாகக் கொடுத்த கூடைப்பந்துச் சட்டை, முதுகில் 23. முப்பது ஆண்டு பேருந்து நடத்துநராக இருந்தவர். கிரிசெலைப் பார்த்து, "நல்ல டப்பா குடுத்த பொண்ணுதானே," என்றார். அவள் குனிந்து மானோ செய்தாள். இந்த முறை சரியான திசையில். பிறகு கேட்டாள்.

"தாத்தா, அன்னிக்கு நீங்க ஏன் எனக்கு மானோ செஞ்சீங்க?"

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. காணொளியைக் காட்டினோம். கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தார். தன்னைப் பார்த்து, முடி கொட்டிவிட்டதே என்றார். பிறகு விரலால் திரையைத் தட்டினார்.

"இங்க பாரு. உன் கை கவுந்து வருது."

பார்த்தோம். ஐம்பது தடவை பார்த்த காணொளி. அவள் கை கவிழ்ந்துதான் இருந்தது. பெரியவர் கையை வாங்க வருகிறவள் உள்ளங்கையை மேலே காட்டித்தான் நீட்டுவாள். கவிழ்ந்த கை பெரியவர்களின் கை, ஆசி கொடுக்கிற கை.

"கை மல்லாந்து வந்தா டிக்கெட்டு," என்றார் எலியுதேரியோ. "கவுந்து வந்தா மானோ. யாரு கைன்னு பாத்துட்டா குனிவாங்க? அம்மா, அத்தை, சாமியாரு, சிஸ்டரு, எம்பது வருஷமா குனிஞ்ச தல. தானா குனிஞ்சிருச்சு. மேல வேற பளபளன்னு என்னமோ மின்னுது, மொகமே தெரியல."

கிரிசெல் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரத்தம் இருந்துச்சு அக்கா," என்றாள் என்னிடம். "அந்தப் பாட்டி ரத்தம். தெரியக் கூடாதுன்னு கவுத்துக்கிட்டேன்."

எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி பரவியது. ஒழுங்கான கடிதம் எழுதுகிறவளின் நிம்மதி. காரணம் இதோ, விதித்தாள் தேவையில்லை, யார் தலையும் உருளாது. ரத்தத்தை மறைத்தாள், கை கவிழ்ந்தது, கிழவர் குனிந்தார். எவ்வளவு சுத்தம்.

எலியுதேரியோ அதைக் கெடுத்தார்.

"நான் குனிஞ்சது பழக்கம். நீ இழுத்திருக்கலாமில்ல? நான் கெழவன், குனிஞ்சா நிமிர நேரம் ஆவும்." சிரித்தார். பல் இல்லை. "மூணு ஸ்டாப்பு தாண்டுற அளவுக்கு வச்சிருந்தியே."

திரும்பும்போது மோட்டார் டிரைசைக்கிளில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வண்டிச் சத்தத்தில் நான் தவறாகக் கேட்டிருந்தால் பிழை என்னுடையது.

"மொத நொடி, என்ன நடக்குதுன்னே புரியல. ரெண்டாவது நொடி, உங்க ஏழாம் நம்பர் ஞாபகம் வந்துச்சு. அதுக்கப்புறம் கேமராவ எறக்கிட்டாங்க அக்கா. நான் பாத்தேன். இன்னொரு போன்லதான் ஓடிட்டிருந்திருக்கு, அது எனக்குத் தெரியாது. மூணாவது நொடி நான் இழுத்திருக்கலாம்."

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"அவரு நெத்தி சூடா இருந்துச்சு," என்றாள். "அவங்க எழுதுறது சரியோ என்னமோ. எனக்குத் தெரியல."

7

முடிவுகள். ஒழுங்குக்காக வரிசை போடுகிறேன்.

முதலாவது: ரத்தத்தைப் பற்றி மட்டும் எழுதுவது. கிரீடம் தப்புகிறது, என் வேலை தப்புகிறது, பாட்டியம்மாவின் கீறல் ஊருக்குத் தெரிகிறது. பொய் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் வாசித்துப் பார்த்தால் பொய் மாதிரியே இருக்கிறது.

இரண்டாவது: ஏழாம் விதியை எழுதுவது. நான் போகிறேன், அவள் இருக்கிறாள். படிக்கிறவர்களுக்கு இது பிடிக்கும். எனக்கும் பிடிக்கும், தியாகி மாதிரி இருப்பேன். ஆனால் அது இரண்டாவது நொடி மட்டும்தான்.

மூன்றாவது: ஆம், எனக்குப் பிடித்திருந்தது, மன்னியுங்கள் என்று அவள் எழுதுவது

(இல்லை. அது அவளுக்கே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்கும் கடிதத்தை நான் எழுதியதில்லை.)

நான்காவது: காய்ச்சலாக இருக்குமோ என்று யோசித்தாள். சூடாக இருக்கிற நெற்றியை விட்டுக் கையை எடுக்க மனம் வரவில்லை. முதியோரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தவள், அந்த ஒரு நொடியில் நிஜமாகவே எடுத்துக்கொண்டாள்

(இது அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதால் சந்தேகமாக இருக்கிறது. வெட்டவும் மனமில்லை, வைக்கவும் தைரியமில்லை.)

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு கிரிசெல் என் மேசைக்கு வந்தாள். கிரீடத்தைப் பெயிண்டு டப்பா வரும் அட்டைப் பெட்டியில் வைத்து, திறந்தபடி கொண்டுவந்திருந்தாள். கொடுப்பதற்கா, திரும்ப எடுத்துப்போவதற்கா என்று நான் கேட்கவில்லை. தட்டச்சு செய்திருந்ததைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். இரண்டாவது வரியில் நின்று, என் முகத்தைப் பார்த்தாள்.

"இத எடுத்துருங்க அக்கா. உங்க வேல போயிரும்."

நான் எடுக்கவில்லை. அவள் கடைசி வரிக்குப் போனாள். அங்கே நான் மூன்றாவது, நான்காவது முடிவுகளைப் பென்சிலில் எழுதி வைத்திருந்தேன், ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும் என்று. என் மேசையிலிருந்த ரப்பரை எடுத்து இரண்டையும் அழித்தாள். தூளை ஊதினாள். கையெழுத்துப் போட்டாள்.

"காலியா போனா வாங்கிக்க மாட்டாங்க," என்றேன்.

"வாங்கிக்காட்டிப் போவட்டும். தெரியலன்னா தெரியலதானே."

8

கடிதம் இதுதான். நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மாடிப்படியில் நின்று இதை உங்களுக்காகப் படியெடுத்தேன். மேலே குழு உட்கார்ந்திருக்கிறது. அவள் முன்னால் ஏறிக்கொண்டிருக்கிறாள், பெட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு. பையை நான் தூக்கி வருகிறேன்.

பொருள்: செவ்வாய்க்கிழமை கையை இழுக்காதது குறித்து.

முதல் நொடியில் இழுக்காததற்குக் காரணம்: கிரீடம் கீறி ஒரு பெரியவருக்கு வந்த ரத்தத்தை மறைக்கக் கையைக் கவிழ்த்திருந்தேன். அதனால் எலியுதேரியோ தாத்தா குனிந்தார். என்ன நடக்கிறதென்று எனக்குப் புரியவில்லை. அவர்மேல் தவறில்லை.

இரண்டாவது நொடியில் இழுக்காததற்குக் காரணம்: விதித்தாள், எண் ஏழு. அதை எழுதியவரும் இந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவரும் ஒருவரே: நெனிதா சால்வசியோன்.

மூன்றாவது நொடியில் இழுக்காததற்குக் காரணம்:

...........................................................

கிரிசெல் அபுண்டோ

கதவு திறக்கிறது. நான் உள்ளே போக வேண்டும், அதனால் மீதியை என்னால் எழுத முடியாது. அந்த ஒரு வரி காலியாக இருக்கிறது. என் பேனாவை உங்களிடம் நீட்டுகிறேன். வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது உங்கள் கை மல்லாந்து வருகிறதா, கவிழ்ந்து வருகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.